இந்தக் கோல்ஃப் பாயால வாற கரைச்சல்

எத்தனை தரம் சொல்றது? அடிச்சுப் பழகப் பாய், பந்தைப் பிடிக்க வலை, அதைக் கட்டக் கம்பிச் சட்டம் எண்டு ஒரு கோல்ஃப் செட்டை "வீட்டுக்குள்ளேயே பழகலாம்" எண்டு பெட்டியில போட்டு விக்கிறீங்கள், கூரை எவ்வளவு உயரம் வேணும் எண்டு ஒரு வரி போடக்கூடாதோ? தூரத்துக்கு அடிக்கிற ட்ரைவர் தடி 45 அங்குலம். அதைத் தலைக்கு மேலால சுத்த 9 அடியாவது வேணும், உயரமான ஆளெண்டால் 10 அடி. நடுவில மின்விசிறி வேற தொங்குது!

பாய் அதைவிட மோசம். அரை அங்குலத் தடிப்பு, அடியில சீமெந்துத் தரை. புல்லெண்டால், தடி பந்துக்குப் பின்னால நிலத்தில பட்டதும் மண்ணில புதைஞ்சு நிண்டுபோகும். பிழை உடனே விளங்கும். இந்தப் பாயில தடி வழுக்கிப்போய்ப் பந்தைத் தட்டிவிடும். அதைச் சரியான அடியெண்டு நம்பிப் பழகினவர் சீனக்குடா கோல்ஃப் மைதானத்தில போய் நிண்டால் பந்து பத்தடி போகாது. அதிர்வு முழுக்க மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும். அடியில ஒரு அங்குல ஃபோம் வைக்க என்ன கேடு?

வலையை இழுத்துக் கட்டச் சொல்லிக் குறிப்பு எழுதினது ஆர்? இறுக்கினால் கிட்டத்தட்ட 46 கிராம் பந்து நேரே முகத்துக்குத் திரும்பி வரும். வலை தளர்வாத் தொங்கோணும், பின்சுவருக்கு இரண்டடியாவது இடைவெளி விடோணும்.

கம்பிச் சட்டமோ, திருகோணமலை உப்புக்காத்துக்கு மூண்டு மாசத்தில நட்டெல்லாம் துரு. பிறகு கழட்டவும் ஏலாது, மடிக்கவும் ஏலாது!