'கோட்டி' ஷா சொன்னது இல்லை

ஜி-எச்-ஓ-டி-ஐ என்று எழுதி 'ஃபிஷ்' என்று படிக்கலாம், நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவே இதைக் காட்டிவிட்டார், ஆகவே ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு விதியே இல்லை என்று சொல்லப்படுவதில் இரண்டு பிழைகள். இந்த எடுத்துக்காட்டு 1855-இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்திலேயே இருக்கிறது; ஷா பிறந்தது 1856-இல்.

இரண்டாவதுதான் முக்கியம். ஜி-எச் 'ஃப்' ஆவது 'ரஃப்', 'லாஃப்' போல உயிரொலிக்குப் பின்னால்தான். சொல்லின் தொடக்கத்தில் அது எப்போதும் 'கோஸ்ட்'டில் வரும் 'க' ஒலிதான். டி-ஐ 'ஷ' ஆக வேண்டுமானால் அடுத்து இன்னொரு உயிரெழுத்து வர வேண்டும், 'நேஷன்' போல. ஓ 'இ' ஆவது 'விமென்' என்ற ஒரே சொல்லில். அதனால் ஆங்கிலம் பழகியவர் யாரும் அந்தச் சொல்லை 'கோட்டி' என்றுதான் படிப்பார். விதி இருப்பதற்கே அது சான்று.

எழுத்துக்கூட்டலில் சீர்திருத்தம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உயிரொலிகளில் குழப்பம் நிஜமாகவே உண்டு, குழந்தைகள் அதற்காகப் படும் பாடும் கொஞ்சமல்ல. ஆனால் ஒலிப்படி எழுதலாம் என்றால் யாருடைய ஒலிப்படி? 'கார்' என்ற சொல்லின் கடைசி ஆர் பெரும்பாலான அமெரிக்கர்களின் வாயில் ஒலிக்கும், லண்டன்காரரிடம் ஒலிக்காது. 'சைன்' என்பதில் ஒலிக்காத ஜி-யை நீக்கினால் 'சிக்னல்' உடனான உறவு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். 1906-இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களின் எழுத்துக்கூட்டலை மாற்றி அச்சிட ஆணையிட்டு, நாடாளுமன்ற எதிர்ப்பால் அதே ஆண்டு பின்வாங்கினார். ஷாவும் பழைய எழுத்துகளைத் திருத்தச் சொல்லவில்லை. குறைந்தது 40 எழுத்துகள் கொண்ட புதிய வரிவடிவத்துக்கே உயிலில் பணம் ஒதுக்கினார்.