லீவில் வந்தவரைக் கொஞ்சம் விட்டு வையுங்கள்

பொங்கல் நெருங்கினாலும் சுதந்திர தினம் நெருங்கினாலும் அந்த வீடியோக்கள் வரிசை கட்டி வந்துவிடுகின்றன. சீருடையும் தோள்பையுமாக ஒரு பட்டாளத்துக்காரர் கொல்லைப்புறமாகப் பூனை போல நுழைகிறார். அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் அம்மா திரும்பிப் பார்க்கிறார், முறம் கீழே விழுகிறது, பின்னணியில் வயலின் கதறுகிறது. கீழே ஆயிரக்கணக்கில் சல்யூட் பொம்மைகள். எனக்கும் நாலு பேர் அனுப்பி, ‘உங்கள் ஞாபகம் வந்தது’ என்கிறார்கள். அன்பாகத்தான் அனுப்புகிறார்கள். ஆனாலும் பட்டாளத்துக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் என்கிற உரிமையில் சொல்கிறேன், எனக்கு அவை பிடிக்கவே பிடிக்காது.

முன்னறிவிப்பு இல்லாமல் வாசலில் ஒரு சீருடை தெரிந்தால் எங்கள் வீடுகளில் முதலில் வருவது சந்தோஷமா? அடிவயிறு கலங்கும். அந்த அம்மாவின் முகத்தில் முதல் நொடியில் தெரிவதை நிறுத்திப் பாருங்கள், புரியும். இதைப் போய் இன்ப அதிர்ச்சி என்று படம்பிடிக்க எப்படித்தான் மனசு வருகிறதோ.

எங்கள் வீட்டில் அதிர்ச்சிக்கெல்லாம் வழியே இல்லை. என் வீட்டுக்காரருக்கு லீவு மஞ்சூர், அதாவது அனுமதி, ஆனது முதல் தினம் ஒரு செய்தி வரும். பனி, பாதை அடைப்பு, மாற்று ஆள் வந்து சேரவில்லை என்று தேதி தள்ளிக்கொண்டே போகும். மலையிலிருந்து இறங்கி ஜம்முவுக்கு வந்து சேருவதே ஒரு பிரயாணம். அதற்கப்புறம் ரயில். காட்ராவிலிருந்து கன்னியாகுமரி போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் முழுத் தூரத்தையும் கடக்க ஏறக்குறைய மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். அதுவும் வாரத்துக்கு ஒரு முறைதான். விஜயவாடா தாண்டிவிட்டேன் என்று இவர் போன் செய்த பிறகுதான் நான் அத்தையிடம் வாயைத் திறப்பேன். 2025 மே மாதம் சிந்தூர் நடவடிக்கை நடந்தபோது, லீவில் வந்திருந்த எத்தனையோ பேரைப் பாதியில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கல்யாண மாலை வாடுவதற்குள் கிளம்பியவர்களும் அதில் உண்டு. அதனால் ரயில் ஆந்திராவைத் தொடும்வரை எங்கள் வீட்டில் யாரும் கறிக்குச் சொல்வதில்லை.

சரி, வந்துவிட்டார். வீடியோ இங்கே முடிந்துவிடும். எங்களுக்கு இங்கேதான் ஆரம்பம்.

ஒருமுறை சியாச்சினில் இருந்து இறங்கிய கையோடு வந்தார். 1984 ஏப்ரலில் மேகதூத் நடவடிக்கையில் நம் படை ஏறிய நாளிலிருந்து அங்கே ஆட்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள். காவல் நிலைகள் பல 18,000 அடிக்கும் மேலே. அந்த உயரத்தில் பசி செத்துவிடும், தூக்கம் பிடிக்காது, உடம்பு கரையும், ஞாபகம்கூடத் தடுமாறும் என்பதை ராணுவ மருத்துவர்களே சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து நேராக வேலூர் வெயிலுக்கு வந்தார். அத்தை எலும்புக் குழம்பும் இட்லியுமாக வரிசையாக எடுத்து வைக்கிறார், இவர் ஓர் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் படுக்கையில் ஆள் இல்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். “புழுக்கம்” என்பார். நானும் ஒன்றும் கேட்கமாட்டேன். அத்தை மட்டும் அடுத்த நாள் காலையில் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மிளகாய் சுற்றிப் போடுவார். அதிலும் தப்பில்லை. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது.

மகளோடு இவர் பழகுவதற்கு இன்னும் நாள் பிடிக்கும். அவள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள், அது வேறு. பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போகட்டுமா என்று அவரிடமே கேட்பாள். “போய் வா கண்ணு” என்பார். அவள் நகரமாட்டாள். கழுத்தைத் திருப்பி அடுப்படியில் இருக்கும் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டிய பிறகுதான் செருப்பு மாட்டுவாள். அவர் அதைக் கவனிக்காதவர் போல் செய்தித்தாளைப் புரட்டுவார். அவர் கவனித்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது வாரத்தின் நடுவில் எப்போதோ ஒரு நாள், அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடுவாள். எங்கள் வீட்டில் அவர் வந்து சேருவது அன்றைக்குத்தான்.

எனக்கும் அவருக்கும் நடுவிலும் ஓர் ஒட்டாமை உண்டு, ஏன் மறைக்க வேண்டும்? கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டுபோய் மாட்டுவது, மோட்டார் காயில் புகைந்தால் ஆளைக் கூப்பிடுவது, பள்ளிக்கூடத்தில் சண்டை போடுவது எல்லாம் நான்தான். அவர் வந்ததும் சிலிண்டரை என் கையிலிருந்து வாங்கிக்கொள்வார். முதல் நாள் இதமாக இருக்கும். நாலாம் நாள் மளிகை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கி வைத்திருப்பார். துவரம் பருப்பைத் தேடி நான் கத்துவேன். இந்தச் சண்டையெல்லாம் வேண்டும். சண்டை போட்டு, ஓய்ந்து, பேச்சே இல்லாமல் ஒரு மத்தியானம் முழுக்க ஃபேனுக்குக் கீழே படுத்துக் கிடந்தால்தான் பழைய ஆள் கிடைப்பார். அதற்கு ஒன்றுமே நடக்காத நாட்கள் தேவை. அந்த நாட்களைத்தான் ஊரும் உறவும் தின்றுவிடுகின்றன.

வந்தவர் குளித்து முடிப்பதற்குள் யாராவது வாசலில் நிற்பார்கள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: “எப்போது வந்தாய், எப்போது போகிறாய்?” இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பார்கள். அடுத்தது குரலைத் தாழ்த்தி, “கேன்டீனில் எத்தனை பாட்டில் வாங்கினாய்?” எல்லையில் நிற்பவர் என்கிற மரியாதையெல்லாம் ரம் பாட்டில் கைக்கு வரும்வரைதான் என்று சில சித்தப்பாக்களைப் பார்த்தால் தோன்றுகிறது.

அதைக்கூடச் சிரித்துக் கடந்துவிடலாம். காகிதங்களை என்ன செய்வது? பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று, பங்காளிகளோடு பாகப் பிரிவினை, ஆதாரில் எழுத்துப் பிழை என்று அவர் இல்லாத மாதங்களில் முடங்கிய எல்லாம், ‘அவர் லீவில் வரட்டும்’ என்று காத்துக்கிடக்கும். போன தடவை ஒரு கையெழுத்துக்காக ஓர் அலுவலக மரத்தடியில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்த நேரம், கல்யாணமான புதிதில் ஊர் சுற்றிய நேரத்தைவிட அதிகம். மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் படைவீரர் குடும்பங்களுக்கென்று சிறப்புக் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. நிலத் தகராறு போன்ற வழக்குகளில் படைவீரர் குடும்பங்களுக்கு இலவசச் சட்ட உதவி தரும் ‘வீர் பரிவார் சஹாயதா’ திட்டத்தை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதி சூர்ய காந்த் ஸ்ரீநகரில் தொடங்கிவைத்தார். இரண்டுமே நல்லவைதான். மனைவி கொண்டுவரும் மனுவையும் மனு என்று மதித்து வாங்கினால் இன்னும் நல்லது. ‘உங்கள் வீட்டுக்காரரையே வரச் சொல்லுங்களேன்’ என்று லடாக்கில் இருப்பவரை ஏதோ பக்கத்துத் தெருவில் இருப்பவர் போலச் சொல்கிறார்கள்.

ஜவானுக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. கேட்பவர்கள், “அடேயப்பா, மூன்று மாதமா?” என்பார்கள். ஆள் பலம் பார்த்து, நிலவரம் பார்த்து, துண்டு துண்டாகக் கிடைக்கும் லீவு அது. 2022-ல் அக்னிபத் என்ற குறுகிய கால ஆள்சேர்ப்புத் திட்டம் வந்த பிறகு சேர்ந்த பையன்களுக்கு அதுவும் இல்லை. நான்கு வருடப் பணியில் வருடத்துக்கு 30 நாள்தான். இருபது வயதுப் பையனுக்கு முப்பது நாள் போதும் என்று எந்தக் கணக்கில் முடிவு செய்தார்களோ. அவனுக்கும் வீட்டில் அம்மா இருக்கிறாளே.

எங்கள் மாவட்டத்துக்குப் பட்டாளம் புதிதில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். வேலூர் லாங் பஜார் பக்கம் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனதாகவும் அவர்களில் 14 பேர் உயிர் துறந்ததாகவும் சொல்கிறது. உயிர் துறந்தவர்களுக்குக் கல்லில் இடம் கிடைத்தது, நியாயம்தான். மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு மீதி 263 பேரின் நினைப்புதான் வரும். கப்பல் ஏறிப் போய்த் திரும்பியவர்கள் ராத்திரியில் தூங்கினார்களா? பிள்ளைகள் அவர்களிடம் ஒட்டின‌வா? அந்த வீட்டுப் பெண்கள் யாரிடம் சொல்லி அழுதார்கள்?

இந்தப் பொங்கலுக்கு இவர் வருவதாக இருக்கிறது. விஜயவாடா தாண்டவில்லை என்பதால் தேதி சொல்லமாட்டேன். உறவினர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள் என்பதால் பகிரங்கமாகவே எழுதிவிடுகிறேன். முதல் வாரம் யாரும் வர வேண்டாம். விருந்துக்கும் கூப்பிட வேண்டாம். பத்திரிகை வைக்க வருகிறவர்கள் என்னிடம் கொடுத்தால் போதும், மொய் தவறாமல் வந்து சேரும். பத்திர வேலை இருக்கும் பங்காளிகள் காகிதத்தை இப்போதே கொண்டுவந்தால் நான் படித்து வைக்கிறேன். எனக்கும் படிக்கத் தெரியும். பாட்டில் வேண்டுகிறவர்கள் இரண்டாம் வாரம் ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் வரலாம், அதுவும் போன் செய்துவிட்டு.