காரணம் கற்பிக்கும் மூளை

மனசு எங்கே இருக்கிறது என்று கேட்டால் இன்று பெரும்பாலும் மூளையைத்தான் காட்டுகிறோம். சரி, சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ள அந்த மூளைக்குள் 'நான்' என்கிற ஆள் எங்கே இருக்கிறார்? அப்படி ஓர் ஆளே கிடையாது என்பது என் கட்சி. ஏற்கெனவே நடந்து முடிந்ததற்குக் காரணம் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு வேலையைத்தான் 'நான்' என்கிறோம்.

மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் தடித்த நரம்புக்கற்றைக்கு கார்பஸ் கலோசம் என்று பெயர். கட்டுக்கடங்காத வலிப்பு நோய்க்காகச் சிலருக்கு அதை வெட்டிவிட்டார்கள். இவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மாணவர் மைக்கேல் கசானிகா பின்னர் செய்த சோதனை ஒன்றுதான் என்னை இந்தக் கட்சியில் சேர்த்தது.

நோயாளி திரையின் நடுப்புள்ளியைப் பார்க்கிறார். வலப்பக்கம் ஒரு கோழிக்கால், இடப்பக்கம் பனி மூடிய வீடு, இரண்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்னி மறைகின்றன. வலப்பக்கம் தெரிவதும் வலது கையும் இட மூளையின் பொறுப்பு, இடப்பக்கம் தெரிவதும் இடது கையும் வல மூளையின் பொறுப்பு. ஆகவே கோழிக்காலைப் பார்த்தது இட மூளை, பனியைப் பார்த்தது வல மூளை; இணைப்பை வெட்டிவிட்டதால் ஒன்று பார்த்தது மற்றதற்குத் தெரியாது. பொருத்தமான படத்தை எடுக்கச் சொன்னால் வலது கை கோழியை எடுக்கிறது, இடது கை மண்வாரியை எடுக்கிறது. பனியை அள்ள மண்வாரி வேண்டும், சரிதானே? ஆனால் ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது பேசத் தெரிந்த இட மூளை. அது பனியைப் பார்க்கவே இல்லை. 'தெரியவில்லை' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழிக்காலுக்குக் கோழி, கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய மண்வாரி என்று கூசாமல் விளக்கம் கொடுத்தது! பொய் சொல்கிறோம் என்ற உணர்வே அதற்கு இல்லை.

(இட மூளைக்காரர் கணக்கில் புலி, வல மூளைக்காரர் கலைஞர் என்று சுற்றும் பதிவுகளுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

மூளை வெட்டப்படாதவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2005இல் சுவீடன் ஆய்வாளர்கள் இரண்டு முகப்படங்களைக் காட்டி, பிடித்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பிறகு கைவித்தையால் மற்ற படத்தை நீட்டி 'இவரை ஏன் பிடித்தது?' என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் படம் மாறியதைக் கவனிக்கவே இல்லை. வேண்டாம் என்று தள்ளிய முகத்துக்கே காரணங்களை அடுக்கினார்கள்.

கோபம், காதல், ஓட்டு எல்லாவற்றுக்கும் நாம் சொல்லும் காரணங்களில் எத்தனை இந்த ரகம் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

ஒரே இடத்தில் என் வாதம் நொண்டும். காரணம் கற்பிப்பது மூளை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல் வலிக்கும்போது வலிக்கிறதே, அது கற்பித்த காரணம் இல்லையே? நரம்பணுக்களின் மின்துடிப்பு எப்படி வலியாக உணரப்படுகிறது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விளக்கம் இன்னும் வரவில்லை. 'நான்' என்று ஒருவர் உண்டு என்று வாதிடுகிறவர்கள் அந்தப் பல்வலியிலிருந்து ஆரம்பிக்கட்டும், கேட்கிறேன்.