இன்னும் எழுநூறு மீட்டர்

டிரெட்மில்லில் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் சிவப்புப் பொத்தானை அமுக்க எப்படித்தான் மனம் வருகிறதோ! நேற்று மாலை நடந்தது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

திரையில் 9.3 கிலோமீட்டர் என்று இருந்தது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில், ஐம்பத்தாறாவது நிமிடத்தில், மூச்சும் காலடியும் இசைந்து வந்துவிட்ட நிலையில், இன்னும் நான்கே நிமிடம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கவாட்டிலிருந்து ஒரு கை நீண்டது. துண்டை எடுத்து வைக்கிறார் போலும் என்று நினைத்தேன். பட்டை தளர்ந்தது; உடம்பு முன்னே போயிற்று; கைப்பிடியைப் பற்றியிராவிட்டால் முகம் திரையில் மோதியிருக்கும். நிமிர்ந்து பார்த்தபோது 9.3 மறைந்து சுழியம் வந்திருந்தது.

“ஒருத்தருக்கு இருபது நிமிசந்தானுங்க. அண்ணன் ரொம்ப நேரமா நிக்கறாருங்க,” என்றார் பயிற்சியாளர். அப்படியொரு விதி சுவரிலும் இல்லை, பணம் கட்டிய நாளில் யார் வாயிலும் இல்லை. மூன்று டிரெட்மில்களில் இரண்டு சித்திரையிலிருந்து ‘ரிப்பேர்’ என்ற தாளோடு நிற்கின்றன. ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டவர்கள் அவற்றைச் சரிசெய்யாததற்கு என் ஓட்டம் ஏன் பலியாக வேண்டும்? “இன்னும் நாலு நிமிசம் பொறுத்திருக்கலாமேங்க,” என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைத்தது: “மிச்சத்த ரோட்டுல ஓடிக்கோங்க. எல்லாம் ஒண்ணுதானுங்களே.”

ஒன்றல்ல. இந்த ஆடி மாதத்தில் கோயம்புத்தூரின் செல்வபுரத்திலிருந்து பேரூரை நோக்கி ஓடிப் பார்த்தவர் எவரும் ஒன்று என்று சொல்லமாட்டார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று போகும்போது நெஞ்சைப் பிடித்துத் தள்ளும், வரும்போது முதுகைத் தாங்கும். அறைக்குள் நின்ற இடத்திலேயே ஓடுபவருக்குக் கிழித்துக்கொண்டு போகக் காற்றே கிடையாது. வேகமாக ஓடுபவர்கள் சாலையில் செலவாகும் ஆற்றலுக்கு ஈடுகட்ட டிரெட்மில்லை 1 விழுக்காடு சாய்த்து வைக்க வேண்டும் என்று ஜோன்ஸ், டவுஸ்ட் ஆகியோரின் ஆய்வு 1996-ஆம் ஆண்டிலேயே காட்டியது. காற்றில்லாததால் வியர்வை எளிதில் உலராது, உடம்பு சீக்கிரம் சூடேறும். சாலையின் இறக்கத்தில் தொடைத் தசைகள் உடம்பைத் தடுத்துப் பிடிக்க வேண்டும், மேடுபள்ளத்தில் கணுக்கால் ஒவ்வோர் அடிக்கும் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். சமமான பட்டையில் இவற்றுக்கு வேலையே இல்லை.

அதற்காகப் பட்டையில் ஓடுவது தாழ்ந்தது என்றும் நான் சொல்லவில்லை. டிசம்பரில் நடக்கும் கோயம்புத்தூர் மாரத்தானில் 21.1 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பதற்காக, ஒரு கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்ற சீரான வேகத்தைக் கால்களுக்குப் பழக்கத்தான் வாரத்தில் ஒரு நாள் அங்கே போகிறேன். குழாய் பதிக்கத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளமும், தெருமுனையில் எழுந்து நிற்கும் நாயும், எதிர்த்திசையில் வரும் வண்டியும் அந்தச் சீரைச் சாலையில் தருவதில்லை. பட்டை தரும். நாம் சோர்ந்தாலும் அது சோராது. வேகம் குறைந்தால் பின்னுக்குத் தள்ளிவிடும். கடைசி எழுநூறு மீட்டரில்தான் அந்தப் பழக்கம் கால்களில் ஏறுகிறது. அதை நடுவில் அறுத்துவிட்டு மீதியை வேறோர் இடத்தில், வேறொரு நேரத்தில் ஒட்டவைத்துக்கொள்ள முடியாது.

எனக்குப் பின் ஏறிய அண்ணன் இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தார். அவரும் பணம் கட்டியவர்தான், நடக்கட்டும். ஆனால் கைப்பேசி மணி அடித்ததும் ஆறாவது நிமிடத்தில் இறங்கிப் போனவர் திரும்பவே இல்லை. பட்டை வெறுமையாகக் கிடந்தது. நான் காலணியின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, நனைந்த சட்டையோடு, உடம்பு குளிர்ந்துபோய் ஓரத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சியாளர் அருகில் வந்து, “இப்ப சும்மாதானுங்க கெடக்குது, ஏறிக்கோங்க,” என்றார்.