லினக்ஸ் மேல் பழி போடுவதை நிறுத்துங்கள்

கேபிள் டிவி கம்பி வழியாக இணையம் தரும் பெட்டிதான் கேபிள் மோடம். அதை யூஎஸ்பி துளை வழியாக, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினியில் சொருகிவிட்டு, உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் பாருங்கள். "எந்த விண்டோஸ் சார்?" என்று ஆரம்பிப்பார்கள். லினக்ஸ் என்றதும், "அதுக்கு நாங்க சப்போர்ட் தர்றதில்லை", அவ்வளவுதான். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

யூஎஸ்பி வழியாக ஈத்தர்நெட் (கணினிகளைக் கம்பியால் இணைக்கும் வழக்கமான முறை) எப்படிப் போகவேண்டும் என்பதற்குப் பொதுவான தரம் 1999-லேயே இருக்கிறது. சிடிசி என்பார்கள். அதை ஒழுங்காகப் பின்பற்றும் மோடத்துக்கு லினக்ஸில் சிடி வேண்டாம், டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) தேடி அலையவும் வேண்டாம். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. சொருகினால் புதிய நெட்வொர்க் இடைமுகம் தெரியும், டிஎச்சிபி-யில், அதாவது முகவரியைத் தானாகக் கேட்டு வாங்கும் முறையில், ஐபி என்னும் இணைய முகவரி கிடைத்தால் வேலை முடிந்தது.

ஆனால் தயாரிப்பாளர்கள் பலர் இதே வேலைக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் ஆர்என்டிஐஎஸ் நெறிமுறையைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். வேறு வழி இருந்தால் இதைத் தவிர்த்துவிடுங்கள், இதன் வரையறையே அரைகுறை என்று கெர்னலின் கட்டமைப்புக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. அப்படியும் லினக்ஸ் ஆட்கள் அதற்கும் ஒரு டிரைவர் எழுதி வைத்திருக்கிறார்கள். மோடத்தைச் செய்து விற்றவர் என்ன செய்தார்? பெட்டியில் விண்டோஸ் படத்தைப் போட்டதோடு சரி.

இதைவிடக் கொடுமை மேக் முகவரி (MAC, ஒவ்வொரு நெட்வொர்க் இடைமுகத்துக்கும் உள்ள அடையாள எண்) விவகாரம். பல கேபிள் மோடம்கள், மின்சாரம் வந்ததும் முதலில் பார்க்கும் கணினியின் மேக் முகவரியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஈத்தர்நெட்டிலிருந்து யூஎஸ்பி-க்கு மாறினால் முகவரியும் மாறிவிடும், ஏனென்றால் யூஎஸ்பி பக்கத்து முகவரியைக் கொடுப்பது மோடம்தான். விளக்கு எரியும், இடைமுகம் தெரியும், டிஎச்சிபி கேட்டுக்கொண்டே இருக்கும், பதில் மட்டும் வராது. மனிதன் என்ன நினைப்பான்? டிரைவர் கோளாறு என்றுதானே! கெர்னலை மாற்றி, டிரைவரைக் கழற்றி மாட்டி, விடிய விடிய மண்டையை உடைத்துக்கொள்வான். கடைசியில் மோடத்தை அணைத்துவிட்டு, யூஎஸ்பி கேபிளை மட்டும் சொருகி மறுபடி இயக்கினால் ஐபி வந்துவிடும். (தொலைபேசி வசதிக்காக உள்ளே பேட்டரி இருக்கும் மோடம் என்றால் அதையும் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் பழைய முகவரியை விடாது.) கையேட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் இவ்வளவு பாடு ஏன்?

"ஈத்தர்நெட்டில் சொருகிக்கொள்ள வேண்டியதுதானே" என்று உடனே ஒருவர் வருவார். இருந்தால் சொருக மாட்டோமா? ஈத்தர்நெட் துளையே இல்லாத கணினிகள் இருக்கின்றன. யூஎஸ்பி துளையை வைத்து விற்றவர்கள் அது வேலை செய்வதற்கும் பொறுப்பேற்க வேண்டும்.

லினக்ஸுக்கென்று தனி ஆள் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சிடிசி-யா, ஆர்என்டிஐஎஸ்-ஸா என்று பெட்டியின் மேல் அச்சடியுங்கள். கணினியை மாற்றினால் மோடத்தை அணைத்துப் போட வேண்டும் என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். உதவி எண்ணில் இருப்பவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.