இரண்டு உயரக்காரர்களுக்குத் தடையா? அப்படி எதுவும் இல்லீங்க

"என்பிஏவில் ஏழடிக்காரர் இருவரைச் சேர்த்து இறக்க இனி அனுமதி இல்லை, 3 செகண்ட் விதி வந்த பிறகு அந்த ஆட்டம் செத்துப்போச்சு" என்று கோவை, ஈரோடு பாஸ்கெட்பால் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. என்பிஏ என்பது அமெரிக்காவின் தொழில்முறை பாஸ்கெட்பால் லீக். போன வாரம் பயிற்சிக்கு வந்த ஒரு பையன், "ஏனுங்க கோச், அப்போ நான் பெஞ்சா?" என்று போனை நீட்டினான். அவன் ஆறடி நாலு.

அப்படி ஒரு தடை கிடையாது. தடுப்பவருக்கான 3 செகண்ட் விதி 2001-02 சீசனிலேயே வந்தது. யாரையும் மறிக்காமல் பெயின்டில், அதாவது கூடைக்கு முன்னால் இருக்கும் செவ்வகப் பகுதியில், 3 செகண்டுக்கு மேல் நிற்பதைத்தான் அது தடுக்கிறது, உயரத்தை அல்ல.

2025 சாம்பியன் ஓக்லஹோமா சிட்டி அணியில் ஹோம்கிரென், ஹார்டன்ஸ்டைன் இருவருமே ஏழடிக்காரர்கள். இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் ஹார்டன்ஸ்டைனைத் தொடக்க ஐவரில் சேர்க்காமல் பெஞ்சில் வைத்துத் தொடங்கினார்கள், தோற்றார்கள். நான்காவது ஆட்டத்தில் மறுபடி தொடக்க ஐவரில் சேர்த்தார்கள், ஜெயித்தார்கள். அதனால்தான் ஜெயித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதே சீசனில் மோப்லி, ஆலன் என்ற உயரக்கார ஜோடியோடு கிளீவ்லாந்து அணி 64 ஆட்டம் வென்றது.

சரி, செய்தியில் உண்மையே இல்லையா? கொஞ்சம் உண்டு. இருவருக்குமே வெளியிலிருந்து ஷாட் வராவிட்டால் பெயின்ட் சந்தைக்கடை மாதிரி நெரியும், பந்தோடு கூடையை நோக்கிப் பாய (டிரைவ் செய்ய) வழி இருக்காது. ஒருவர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே வந்து அடிக்கவோ பாஸ் கொடுக்கவோ தெரிந்தவராக இருக்க வேண்டும்.

என்பிஏ தளத்தில் விதிப்புத்தகமும் ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்க ஐவரும் இருக்கின்றன. பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தியை இனி அனுப்ப வேண்டாமுங்க.