உபகாரங்களை எண்ணும்போது எதை முதலில் எண்ணுகிறோம்?

சபையில் சாட்சி சொல்லும் நேரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வேலை கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பிள்ளைக்குத் திருமணம் கூடி வந்தது. எல்லாமே கர்த்தர் செய்த நன்மைகள்தான், சொல்லத்தான் வேண்டும். ஆனால் "இந்த வாரம் வீட்டில் நான் பேசிய பேச்சைக் கர்த்தர் மன்னித்தார்" என்று ஒருவர் எழுந்து சொல்லி நாம் கேட்பது அபூர்வம்.

"அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்ற வசனம் நமக்கு மனப்பாடம். அதற்கு அடுத்த மூன்று வசனங்களில் தாவீது பட்டியலே போடுகிறார் (சங்கீதம் 103:3-5). அக்கிரமங்களை மன்னித்தது, நோய்களைக் குணமாக்கியது, பிராணனை அழிவுக்கு விலக்கி மீட்டது, கிருபையினாலும் இரக்கங்களினாலும் முடிசூட்டியது, நன்மையினால் வாயைத் திருப்தியாக்கியது. மன்னிப்பு முதலில் வருகிறது, வாய்க்கு வரும் நன்மை கடைசியில். நாம் பெரும்பாலும் கடைசியிலிருந்து ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடுகிறோம். நன்மை வருகிற மாதத்தில் நன்றி பொங்குவதும், வராத மாதத்தில் ஜெபமே வறண்டுபோவதும் இதனால்தான் என்பது என் உறுதியான எண்ணம். வேலை போகலாம், உடம்பு படுத்தலாம். மன்னிப்போ அன்றாடம் வந்துகொண்டே இருக்கிறது. அதை எண்ணத் தெரிந்தவருக்கு நன்றி சொல்ல விஷயம் இல்லாத நாள் இல்லை.

"அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்பதை அழகான சூரியோதயப் படத்தின்மேல் எழுதி அனுப்புகிறோம். அந்த வசனம் எழுதப்பட்ட இடத்தையும் பார்க்க வேண்டும். எருசலேம் இடிந்து, தேவாலயம் எரிந்து, ஜனங்கள் சிறைப்பட்டுப் போன பிறகு பாடிய புலம்பல் அது. புலம்பல் புத்தகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் முதல் இருபது வசனங்களைப் படித்தால் மூச்சு முட்டும். பருக்கைக் கற்களால் என் பற்களை நொறுக்கினார் என்கிறவர்தான் 22-ஆம் வசனத்தில் இரக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். எண்ணிப் பார்க்க அவர் கையில் ஒரு ஆசீர்வாதமும் மிச்சமில்லை. "நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே" என்ற ஒன்றைத்தான் பிடித்துக்கொள்கிறார்.

சரி, இதை அன்றாடம் எப்படிச் செய்வது? இரவு படுக்கப் போகுமுன் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள், ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். 16-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் துறவி லொயோலா இஞ்ஞாசியார் அன்றாட ஆத்தும சோதனைக்கு வகுத்த ஐந்து படிகளை எந்தச் சபையாரும் தாராளமாகப் பின்பற்றலாம். முதலில் பெற்ற நன்மைகளுக்கு நன்றி. இரண்டாவது, உண்மையைப் பார்க்கும்படி தேவனிடம் கிருபை கேட்பது. மூன்றாவது, நாளை மணிவாரியாகத் திரும்பிப் பார்ப்பது. நான்காவது, தவறினவற்றுக்கு மன்னிப்புக் கேட்பது. ஐந்தாவது, அவர் கிருபையால் திருந்துவேன் என்று தீர்மானிப்பது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நன்றியை விட்டுவிட்டு நேரே பாவப் பட்டியலுக்குப் போகிறவர்கள் சில வாரங்களிலேயே சோர்ந்துபோகிறார்கள். குற்றவுணர்வு மட்டும் மிஞ்சுகிறது, இரவு ஜெபம் என்றாலே பயம் வந்துவிடுகிறது.

நோட்டில் மூன்றே வரி எழுதுங்கள். இன்று கிடைத்தது ஒன்று. இன்று மன்னிக்கப்பட்டது ஒன்று. இன்று நான் செய்யாதபடி அவர் தடுத்தது ஒன்று. இந்த மூன்றாவது வரிதான் பழக நாளாகும், பலன் அதிகம் தருவதும் அதுவே. "இன்றைய நாளுக்காக ஸ்தோத்திரம்" என்று எழுதுவதில் தப்பில்லை, ஆனால் அதை நேற்றும் எழுதியிருப்போம், நாளைக்கும் எழுதலாம். அதற்குப் பதில், "மதியம் அந்த போன் வந்தபோது நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை விழுங்க வைத்தீர், அந்த ஒரு வார்த்தை வெளியே வந்திருந்தால் இன்று இரவு இரண்டு வீடு தூங்கியிருக்காது" என்று எழுதிப் பாருங்கள். நேரம், ஆள், சம்பவம் மூன்றும் அதில் இருக்கிறது. அப்படி எழுதினால்தான் ஒரு மாதம் கழித்துப் புரட்டும்போது அந்தப் பக்கம் நம்மோடு பேசும். இரண்டு நாள் விட்டுப்போனால் உட்கார்ந்து பழைய பக்கத்தை நிரப்ப வேண்டாம். அன்றைய நாளிலிருந்து தொடருங்கள்.

இதில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். "எத்தனையோ பேர் சாப்பாடு இல்லாமல் இருக்கிறார்கள், எனக்கு அந்த நிலை இல்லையே, ஸ்தோத்திரம்!" பக்தியாகத்தான் தெரிகிறது. லூக்கா 18-இல் தேவாலயத்துக்குப் போன பரிசேயனின் ஜெபத்தை மறுபடி வாசியுங்கள். அவன் ஒன்றுமே கேட்கவில்லை, நன்றி சொல்லித்தான் ஆரம்பித்தான். "மற்ற மனுஷரைப்போலவும் இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்." நன்றி ஜெபம் செய்தவன் நீதிமானாக்கப்படாமல் வீட்டுக்குப் போனான். "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்று மார்பில் அடித்துக்கொண்ட அந்த ஆயக்காரன், வரி வசூலிக்கிறவன், நீதிமானாகப் போனான். அடுத்தவர் கஷ்டத்தை அளவுகோலாக வைத்து நம் ஆசீர்வாதத்தை அளந்தால் அதில் இரக்கத்துக்கே இடமில்லை. தேவனுடைய இரக்கத்துக்கும் சரி, அந்தக் கஷ்டப்படுகிறவர்மேல் நம்முடைய இரக்கத்துக்கும் சரி.

துக்கத்தில் இருப்பவர்களிடம் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யுங்கள்" என்ற வசனத்தை எடுத்து நீட்டுவது இன்னொரு கொடுமை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் ஆசீர்வாதங்களை எண்ணச் சொல்லாதீர்கள். 88-ஆம் சங்கீதம் ஒரு நன்றி வார்த்தைகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. 13-ஆம் சங்கீதத்தில் மொத்தமே ஆறு வசனம். "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்கி, "எனக்கு நன்மை செய்தபடியால் அவரைப் பாடுவேன்" என்று முடிகிறது. வாசிக்க ஒரு நிமிடம் ஆகாது. வாழ்க்கையில் முதல் வசனத்திலிருந்து ஆறாம் வசனத்துக்குப் போக ஒருவருக்கு வருடங்கள் ஆகலாம். அதுவரை பக்கத்தில் இருப்பதுதான் நம் வேலை.

குடும்ப ஜெபத்துக்கு 136-ஆம் சங்கீதத்தைச் சிபாரிசு செய்வேன். 26 வசனம், 26 தடவையும் "அவர் கிருபை என்றுமுள்ளது". ஒருவர் முதல் பாதியை வாசிக்க, மற்றவர்கள் மறுமொழி சொல்ல வேண்டும். சூரியன், சந்திரன், செங்கடல், வனாந்தரம் என்று போய், 23-ஆம் வசனத்தில் "நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவரை" என்று வரும். அங்கே நிறுத்தி, வீட்டில் ஒவ்வொருவரும் அந்த வாரத்திலிருந்து ஒரு வரி சொல்லட்டும், மறுமொழியை எல்லோரும் சொல்லுங்கள். சின்னப் பிள்ளை "என் பென்சில் கிடைத்தது" என்றால் திருத்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று, என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமானது. மத்தேயு 18-இல் இயேசு சொன்ன உவமையில் ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஒருவன் வருகிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. கணக்குப் போட்டால் 6 கோடி நாள் கூலி, வருடத்துக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் வருடம். ஆனால் அவன் காலில் விழுந்து கேட்டது என்ன? "பொறுமையாயிரும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்." தன்னால் அடைக்க முடியும் என்றே நினைக்கிறான். ராஜா மொத்தக் கடனையும் மன்னித்துவிட்ட பிறகும் அந்த நினைப்பு மாறவில்லைபோலும். அதனால்தான் வெளியே வந்தவுடன் நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் தொண்டையைப் பிடித்தான். நூறு வெள்ளிப்பணம் அற்பத் தொகையும் அல்ல, மூன்று மாதத்துக்கு மேலான உழைப்பு. நமக்கு மற்றவர்கள் செய்த தீமையும் உண்மையில் வலிக்கிற தீமைதான், இயேசு அதைச் சின்னதாக்கவில்லை.

ஆகவே இரவில் அந்த மூன்று வரியை எழுதி முடித்ததும், அதே பக்கத்தில் நமக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய ஒருவரின் பெயரை எழுதி, அவருக்காக ஒரு நிமிடம் ஜெபியுங்கள். அன்றே மனம் இளகாது. மறுநாளும் அதே பெயரை எழுதுங்கள். மன்னிப்பது என்றால் ஏமாற்றியவரிடம் மறுபடி பணத்தைக் கொடுப்பது என்றோ, அடிக்கிறவரோடு அதே வீட்டில் இருப்பது என்றோ அர்த்தமில்லை. அப்படிப்பட்ட சூழ்நிலையில் இருப்பவர்கள் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், நம்பகமான ஒருவரிடம் சொல்லுங்கள். அந்தப் பெயரை அங்கே போன பிறகு எழுதிக்கொள்ளலாம்.